உதடு அசையக்கூடாத பரீட்சை

1.

இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கேட்டு நான் முழிக்கக்கூடாது. அன்புவழிபுரத்தில் நான் வாடகைக்கு இருப்பது ஒரு வீட்டின் பாதி. மறுபாதியில் வீட்டுக்காரர் இருக்கிறார். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஒரு மாலை, என் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நீங்கள் முதல் இருங்கோ. இருந்து கதைப்பம். சத்தம் போட்டா ஒண்டும் நடக்காது.”

யாரோ விருந்தாளி, அதுவும் கோபக்கார விருந்தாளி என்று நினைத்தேன். மறுமொழி வரவில்லை. சற்றுப் பொறுத்து அதே குரல், “சீ, பிழை. ‘பி’ தான் சரி” என்றது. அடுத்த நாளும் கூட்டம் நடந்தது. அதற்கடுத்த நாளும் நடந்தது. படலை திறக்கும் சத்தம் மட்டும் கேட்கவேயில்லை. அந்த வீட்டில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? கதிரையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

(ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம் என்று முகம் சுளிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் உள்ளே வாருங்கள். ஆனால் சத்தம் போடக்கூடாது. ஏன் என்று பின்னால் தெரியும்.)

2.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதி மூன்றையும் கைவிட்டேன். கைவிட்டவை இங்கேயே கிடக்கட்டும்.

‘திருகோணமலைத் துறைமுகத்தின் நீல நீரில் அந்திச் சூரியன்—’

(வேண்டாம். இந்தத் துறைமுகத்தை எழுத வருகிற எல்லோரும் சூரியனைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். என்னுடைய ஆள் அங்கே ஜெட்டி, அதாவது கப்பல் வந்து அணையும் துறைமேடை, கட்டுகிறவர். நீல நீரைக் கண்டால் அவருக்குத் தூணை எவ்வளவு ஆழம் இறக்குவது என்ற யோசனைதான் வரும்.)

‘ஐம்பது தாண்டிய ஞானசேகரம் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல—’

(கேலியாக இருக்கிறது. கேலி செய்ய எனக்கும் ஆசைதான், ஆனால் இப்போதே தொடங்கினால் பின்னால் வருத்தப்படுவேன்.)

‘மனைவி விட்டுப்போன பிறகு—’

(பொய். விட்டெல்லாம் போகவில்லை. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போனவர் ஜெகதீஸ்வரி. பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, இப்போது ஓடித் திரிகிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அதனால் ஜெகதீஸ்வரி இன்னும் வரவில்லை. யாரிலும் பிழையில்லை. பிழை சொல்ல ஆளில்லாத இடத்தில் கதை எழுதுவது பெரிய தொல்லை.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். ஞானசேகரம் என்பது நான் வைத்த பெயர், சொந்தப் பெயரை எழுதினால் என்னை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார். அவருடைய கம்பனியின் அலுவலகம் கப்பல்துறையில் இருக்கிறது. சீனக்குடாப் பக்கம் அவர்கள் புதிய ஜெட்டி ஒன்று கட்டப்போகிறார்கள். அதற்குப் பொறுப்பாக வருகிறவர் திட்ட முகாமையாளருக்கான சர்வதேசப் பரீட்சையில் சித்தியடைந்திருக்கவேண்டும் என்று நிபந்தனை வந்துவிட்டது. சித்தியடைந்தால் ஜெட்டி இவருடையது, ஓய்வுக்கு முன் இவர் கட்டும் கடைசி ஜெட்டி. இல்லையென்றால் கொழும்பிலிருந்து ஒருவர் வருவார், அவருக்குப் பின்னால் இவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நடப்பார். பரீட்சை ஒரு தடவைதான். இன்னொரு தடவை எழுதுவதற்குள் கொழும்பு ஆளை நியமித்துவிடுவார்கள்.

3.

அந்தப் பரீட்சையில் சூத்திரம் மனப்பாடம் செய்து தப்பமுடியாது. கேள்வி ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கதை. ‘உங்கள் வேலையால் பாதிக்கப்படும் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போடுகிறார். முகாமையாளர் முதலில் என்ன செய்யவேண்டும்?’ கீழே நான்கு விடைகள். நான்கும் நல்லவைபோல முகத்தை வைத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும். ஞானசேகரம் அதை உரத்து வாசிப்பார். பிறகு தமிழில் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். சத்தம் போடுகிறவருக்கு உடனே ஒரு முகம் வந்துவிடும், பெரும்பாலும் கரைவலை மீனவர் சங்கத் தலைவர் தம்பிராசாவின் முகம். வாயைத் திறக்காமல் யோசிக்க அவருக்கு ஏலாது. வேலைத்தளத்திலும் அப்படித்தான் என்று கேள்வி.

தொடக்கத்தில் இதற்கு ஒரு துணை இருந்தது. இங்கே மாலை என்றால் அங்கே காலை. பேத்திக்குச் சாப்பாடு ஊட்டியபடி ஜெகதீஸ்வரி போனில் இருப்பார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கேள்வியை வாசிப்பார் இவர்.

“முதல் ஒரு கதிரையைக் குடுங்கோ,” என்பார் ஜெகதீஸ்வரி. “நிண்டுகொண்டு கதைச்சா மனுசருக்குக் கோவம் கூடும்.”

“கதிரை விடையில இல்லையப்பா.”

“அப்ப தேத்தண்ணி?”

“அதுவும் இல்லை. முதல் திட்டத்தை எடுத்துப் பாக்கவேணுமாம். அதில இந்த ஆளோட எப்பிடிக் கதைக்கிறதெண்டு எழுதிக் கிடக்குமாம்.”

“ஆளை நிக்க விட்டிட்டுத் தாளைப் பாக்கிறதோ? நல்ல சோதினை.”*

ஒருநாள் கேள்விக்கு நடுவில் ஜெகதீஸ்வரி கேட்டார்:

“பாஸ் பண்ணினா, அந்த ஜெட்டி முடியுமட்டும் நீங்கள் அங்கதான், என்ன?”

“ஓம்.”

போனில் கரண்டி கிண்ணத்தைச் சுரண்டியது.

“சரி, அடுத்ததை வாசியுங்கோ,” என்றார் ஜெகதீஸ்வரி.

* எனக்கும் ஜெகதீஸ்வரியின் விடைதான் சரியாகப் படுகிறது. ஆனால் பரீட்சைத்தாள் திருத்துவது நானில்லை.

4.

பிறகு பேத்தியை ஏதோ வகுப்பில் சேர்த்தார்கள். காலையில் கூட்டிக்கொண்டு ஓடவேண்டும். போன் குறைந்து, நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் காட்டி நலம் விசாரிப்பார்கள்.

கேள்வி வாசிப்பது நிற்கவில்லை. ஆங்கிலத்தில் வாசித்தார், தமிழில் சொன்னார், கொஞ்சம் பொறுத்தார். பிறகு அவரே, மெல்லிய குரலில், “முதல் ஒரு கதிரையைக் குடுங்கோ” என்றார். உடனே தன் குரலுக்கு மாறி, “கதிரை விடையில இல்லையப்பா” என்றார்.

அன்று எனக்கு எழுத வரவில்லை. கதிரையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். அது துக்கமாக இருந்தது, வேறு அலங்காரம் இல்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் சுவரோரம் இழுத்துப் போட்டேன். அந்தக் குரல் இல்லாமல் வீட்டின் என் பாதியும் வெறிச்சோடிப் போயிருந்தது.

(இங்கே என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. என் பக்கத்தில் ஏன் ஒருவருமில்லை என்று அதில் சொல்லியிருந்தேன். கதை அவருடையது என்பதால் எடுத்துவிட்டேன். எடுத்த இடம் கொஞ்சம் பள்ளமாகத்தான் தெரியும், பார்த்து நடந்து வாருங்கள்.)

5.

பரீட்சையைக் கொழும்புக்குப் போயும் எழுதலாம். போனால் மச்சான் வீட்டில் தங்கவேண்டும், மச்சானின் கேள்விகளுக்கு நான்கு விடைகள் தரப்படுவதில்லை. வீட்டிலிருந்தே கணினியில் எழுதுவது என்று தீர்மானித்தார். அதற்குச் சட்டங்கள் உண்டு. மேசை வெறுமையாக இருக்கவேண்டும். போன் அறைக்கு வெளியே. எங்கோ தூரதேசத்தில் ஒரு கண்காணிப்பாளர் கமெரா வழியாகப் பார்த்துக்கொண்டும், ஒலிவாங்கி வழியாகக் கேட்டுக்கொண்டும் இருப்பார். அறைக்குள் இன்னொருவர் வந்தாலோ, இன்னொருவர் குரல் கேட்டாலோ பரீட்சை ரத்து.

முகாமையாளர் அல்லவா, வரக்கூடிய ஆபத்துகளையெல்லாம் முன்கூட்டியே யோசித்தார். கறண்ட் போனால் பற்றரி. இந்த ஊரில் மாடுபோலத் தெருவில் திரியும் மான் வெயிலுக்கு மதிலோரம் வந்து படுத்தால் விரட்ட ஒரு தடி. பிறகு, அன்றைக்கு யாரும் வரவேண்டாம் என்று சொல்வதற்காக, வழக்கமாக வருகிறவர்களை யோசித்தார். மீன்காரர் ஒருவர்தான் அகப்பட்டார்.

குறிஞ்சாக்கேணியிலிருந்து மோட்டார்சைக்கிளில் வரும் ஸெய்னுதீன், அண்ணன் முறைக்கு எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடுகிறவர், வாசலில் ஹோன் அடித்துத்தான் மீன் விற்பார்.

“நாளைக்கு ஹோன் அடிக்கவேண்டாம் நானா. வீட்டில சோதினை.”

“ஆருக்கு சேர், மகளுக்கா?”

“மகள் கனடாவில. எனக்குத்தான்.”

ஸெய்னுதீன் சிரிக்கவில்லை. பெட்டியை மூடி, கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

“நாளைக்கு நான் இந்த ரோட்டாலயே வரமாட்டன் சேர். நல்லா எழுதுங்க. துஆ செய்றன்.”

அதன்பிறகு என் கதவில் தட்டுக் கேட்டது. நான் குடிவந்த இத்தனை காலத்தில் அவர் என் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. நான் அவர் கதவை ஒருநாளும் தட்டியதில்லை. வாடகையை வங்கியில் போட்டுவிடுவேன்.

“தம்பி, நாளைக்கு மத்தியானம் மட்டும் என்ர பக்கம் வந்திடாதேங்கோ. சோதினை இருக்கு.”

“இல்லை, வரமாட்டன்,” என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சுலபமான வாக்குறுதி.

அவர் போகவில்லை. செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“பின்னேரத்தில உங்கட பக்கமும் கதைச்சுக் கேக்கும். ஆக்கள் வாறவையோ?”

“ரேடியோ,” என்றேன்.

“ஓ.” என் அறையை எட்டிப் பார்த்தார். அதில் ரேடியோ இல்லை. சுவரோரம் கிடந்த கதிரையை ஒரு பார்வை பார்த்தார். “என்ர கதிரையும் அந்தப் பக்கம் உதே இடத்திலதான் கிடக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

6.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது பரீட்சை நேரத்தில். லீவு போட்டுவிட்டு, விசிறியையும் நிறுத்திவிட்டுச் சுவரோரம் இருக்கிறேன். ஆகவே இனி வருபவை சுடச்சுட வருகின்றன.

தொடக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மெல்ல முணுமுணுப்பு. கேள்வியை வாசிக்கிறார். பிறகு தமிழ். “தம்பிராசா அண்ணை, நீங்கள் முதல்—”

சட்டென்று நின்றது.

(சுவர் கணினித் திரையைக் காட்டாது. என்ன நடந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்: திரை ஓரத்தில் கண்காணிப்பாளரின் எச்சரிக்கை. ‘தயவுசெய்து உதட்டை அசைக்கவேண்டாம்.’ கறண்டை யோசித்தார், மானை யோசித்தார், ஹோனை யோசித்தார். தன் வாயை யோசிக்கவில்லை.)

வாயை மூடிக்கொண்டு ஜெட்டி கட்டுகிறார். இந்த மனிதர் சித்தியடையவேண்டும் என்று நான் இவ்வளவு விரும்புவேன் என்று நினைத்திருக்கவில்லை.

7.

இந்த இடைவெளியில் உங்களுக்குச் சில முடிவுகளைக் காட்டுகிறேன்.

முடிவு அ: சித்தியடைகிறார். திரையில் அந்தச் சொல் வருகிறது. சொல்ல ஆளைத் தேடுகிறார். கனடாவில் இப்போது இரவு, எல்லோரும் நித்திரை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றுகிறார், ஒரு கோப்பைதான்.

முடிவு ஆ: தோற்கிறார். பெட்டி கட்டுகிறார். விமானநிலையத்தில் ஜெகதீஸ்வரி குளிர்ச்சட்டையோடு—

(நிறுத்திவிட்டேன். ஜெட்டியைப் பறித்துக்கொண்டு மனைவியைக் கொடுத்தால் வாசகர் மகிழ்வார் என்று நினைப்பது சின்னத்தனம்.)

முடிவு இ: நான் எழுந்துபோய், தட்டில் ஏதாவது எடுத்துக்கொண்டு, அவர் கதவை முதன்முறையாகத் தட்டுகிறேன். பரீட்சை ரத்தாகிறது.

8.

சுவருக்கு அப்பால் ஒரு குரல்.

“இல்லை. ஒருவருமில்லை.”

ஆங்கிலத்தில், தூரதேசத்துக் கண்காணிப்பாளருக்கு மறுமொழியாக, தெளிவாகச் சொல்கிறார். கதிரை நகர்கிறது. கமெராவைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிக் காட்டுகிறார் போலும், காலடி மூலைக்கு மூலை போகிறது. “இஞ்ச பாருங்கோ, கட்டில். இது அலுமாரி. ஒருவருமில்லை.” பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது.

அவர் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தார். பிறகு ஏன் கேட்டார்கள்? எந்தக் குரலை அந்த ஒலிவாங்கி—

நான் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவேன். உங்களிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு. ஒவ்வொரு மாலையும் அப்படித்தான். ரேடியோ என்று சொன்னேனே, அது இதுதான். மூன்று முடிவுகளையும் இப்போது உரக்கவே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு.

இனி நான் வாயைத் திறக்கக்கூடாது. வாயைத் திறக்காமல் எனக்கு எழுத வராது. ஆகவே இன்னும் நாலைந்து வரியை உதடு அசையாமல் எழுதிவிட்டுக் கதையை நிறுத்தவேண்டியதுதான்.

காலடி ஓய்ந்துவிட்டது. அவர் சுவரோரம், எனக்கு நேர் எதிரே வந்து நிற்கிறார். மூச்சு வாங்குவது கேட்கிறது. “ஒருவருமில்லை” என்று இன்னொரு தடவை சொல்கிறார், இந்தத் தடவை யாருக்கு என்று தெரியவில்லை.

என் கை சுவரில் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால், ‘ஒருவருமில்லை’ என்பது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும், ஜெட்டியும் போய்விடும். தட்டாவிட்டால் ஜெட்டி அவருக்கு, அவர் சொன்னதும் உண்மையாகிவிடும்.

மிச்சத்தை நீங்கள் முடியுங்கள். மனதுக்குள் மட்டும்.