எந்த ஊதா

எங்கள் வீட்டு அடுப்படியில் சாப்பாட்டைவிட சோப்புதான் அதிகம் வேகிறது என்று என் கணவர் சொல்வார். சோப்பு வேகாது, உறையும் என்று எத்தனை தடவை திருத்தினாலும் அவர் காதில் ஏறாது. லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்குகிற மனுஷனுக்கு நான் சொல்வது மட்டும் ஏறுவதில்லை.

கடையில் விற்கிற சாயம் எதையும் நான் சேர்ப்பதில்லை. செடி கொடுக்கிற நிறம் மட்டும்தான். ஒரு தடவை கீரையைக் காயவைத்து எண்ணெயில் ஊறப்போட்டுப் பச்சை சோப்பு செய்தேன். ஒரே மாதத்தில் அது பழைய கோணி நிறத்துக்கு வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே பாராட்டிவிட்டு, அதை வைத்துத் தரை துடைத்தார்கள். வேம்பாளம்பட்டை மட்டும் என் மானத்தைக் காப்பாற்றியது. அந்தப் பட்டையைத் தேங்காயெண்ணெயில் போட்டு, வெயில் படுகிற ஜன்னலோரம் சில வாரம் வைத்தால் எண்ணெய் மாதுளை முத்துப் போலச் சிவந்துவிடும். அதில் காஸ்டிக் சோடா கரைத்த நீரை ஊற்றிக் கிளறினால், சிவப்பு கண்ணெதிரே ஓடிப்போய் ஊதா வந்து உட்காரும். சோடாவின் காரம் சரியாக இருந்தால் ஊதா. மிஞ்சிப் போனால் நீலம். அந்தப் பட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இந்தத் தடவை சோப்பு என் தங்கையின் குழந்தைக்கு. இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை, எல்லாரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். கடைச் சோப்பு எதைப் போட்டாலும் பட்டாணிக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். சொறிந்து சொறிந்து அழும். வாசனை சேர்க்காத சோப்பாகப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். தங்கை நேராக என்னிடம் வந்தாள். என் சோப்பை ஒருத்தர் தேடி வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு தட்டு, தனித்தனியாகக் கலக்கி ஊற்றினேன். முதல் தட்டு நினைத்தபடியே ஊதாவாக வந்தது. இரண்டாவது பளிச்சென்று நீலம். எங்கே தப்பு என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால், அளந்து வைத்த விளக்கெண்ணெய் அப்படியே ஒரு கிண்ணத்தில் மிக்சிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணெயோடு சேர வேண்டிய காரமெல்லாம் சோப்பிலேயே தங்கிவிட்டது. நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். பேட்டரியை நக்கினது போலச் சுருக்கென்றது. பெரியவர்கள் தோலே தாங்காது. துருவி, விட்டுப்போன எண்ணெயைச் சேர்த்துத் திரும்பக் காய்ச்சிக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தேன். எங்கே வைத்தேன்? ஊதாவுக்குப் பக்கத்திலேயே. என் புத்தி அவ்வளவுதான்.

ஊதா சோப்பு நன்றாக ஆறி, குழந்தைக்குப் போடலாம் என்கிற பதத்துக்கு வந்தது. நீலத்தைத் துருவுகிற வேலை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போனது. அன்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே கணவரிடம் சொன்னேன். அவருக்கு மத்தியான ஷிஃப்ட்.

"தங்கச்சி வருவா. அலமாரில இருக்குற ஊதா சோப்பைக் குடுத்துடுங்க."

"ஊதாதானே? சரி, நீ கிளம்பு."

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். மத்தியானம் ஒரு அம்மா வந்து, "அந்த ஊதா ஃபிரேமை எடும்மா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். "இது கத்தரிப்பூ கலர்ல இருக்கு. நான் கேட்டது ஊதா" என்று வேறு ஒன்றைக் காட்டினார். நல்ல நீலம்.

"அது நீலம்மா."

"நீலத்தைத்தானே ஊதான்னு சொல்லுவோம்? நாங்க பொறந்ததுல இருந்து அப்படித்தான்."

என் வீட்டிலும் ஒருத்தர் பிறந்ததிலிருந்து அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஒரு ஊதா புடவை கேட்டேன். நீலத்தில் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எங்களுடைய முதல் சண்டையே அதுதான். ஊதா என்றால் இதுதான் என்று அவர், ஊதா என்றால் கத்தரிப்பூ என்று நான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பஞ்சாயத்துக்கு வந்து அவரவர் பிள்ளை பக்கம் நின்றார்கள். பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

அவருக்கு போன் போட்டேன்.

"சோப்பைக் குடுத்தீங்களா?"

"காலைலயே வந்து வாங்கிட்டுப் போயிட்டா."

"எதைக் குடுத்தீங்க?"

"நீ சொன்ன ஊதாவைத்தான்."

எந்த ஊதா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவருக்கு சிக்னல் கிடைக்காது. தங்கைக்கு அடித்தேன். எடுக்கவில்லை. குழந்தை தூக்கம் கெடும் என்று அவள் போன் எப்போதும் ஊமையாகத்தான் கிடக்கும்.

முதலாளியிடம் வயிற்றுவலி என்றேன். முகத்தைப் பார்த்து நம்பிவிட்டார். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சாவகாசமாக நின்றது. டிரைவரை மனதுக்குள் திட்டினேன், வீட்டுக்காரரைத் திட்டினேன், மிச்ச தூரம் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டேன். நீலத்தைத் தொடாதீங்க என்று ஒரு வார்த்தை. வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு அது மட்டும் வரவில்லை. அந்தப் பிஞ்சு முதுகை நினைத்து, ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே எழுந்து படிக்கட்டில் போய் நின்றேன்.

தங்கை கதவைத் திறந்தாள். தோளில் குழந்தைத் துண்டு, ஈரமாக.

"என்னக்கா இந்த நேரத்துல? கடை லீவா?"

"பட்டாணி எங்க?"

"இப்பதான் குளிப்பாட்டிப் படுக்க வச்சேன்."

"எந்த சோப்பு?"

"உன் சோப்புதான். ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

நேரே குளியலறைக்குள் போனேன். முக்காலியின் மேல் சோப்பு, நுரையோடு. அந்த அரைகுறை வெளிச்சத்தில் நீலமா ஊதாவா என்று ஒன்றும் தெரியவில்லை. எடுத்து நாக்கில் வைத்தேன். சுருக்கென்று வரவில்லை. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை நன்றாகவே நக்கினேன். வெறும் சோப்பு.

"அக்கா, சோப்பை நக்குற."

"தெரியும்."

அதை ஹாலுக்குக் கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கத்தரிப்பூ. சந்தேகமே இல்லாத கத்தரிப்பூ. உள்ளே ஓடிப்போய்ப் பட்டாணியின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தேன். ஒரு தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. தூக்கம் கெட்ட கோபத்தில் அது என் மூக்கைப் பிடித்துத் திருகியது. போன உயிர் திரும்பி வந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர், வாயோரம் நுரை. தங்கை ஒரு டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி நின்றே நீட்டினாள்.

"நான் பக்கத்துல இருந்த நீலத்தைத்தான் எடுக்கப் போனேன், அழகா இருந்துச்சு," என்றாள். "மாமா விடல. உங்க அக்கா சொன்னது இதுன்னு இதைக் கையில குடுத்தாரு."

அப்போது அவரே கூப்பிட்டார்.

"என்னமோ கேட்டியே, லைன் போயிடுச்சு."

"உங்களுக்கு ஊதான்னா நீலம்தானே? அப்புறம் எப்படி இதைக் குடுத்தீங்க?"

"எனக்கு இன்னைக்கும் ஊதான்னா நீலம்தான். அதுல மாத்தமில்ல. ஆனா சொன்னது நீ. நீ சொன்னா உன் ஊதாவைத்தானே எடுக்கணும்?"

"இத்தனை வருஷமாவா?"

"பின்ன? அந்தப் புடவைக்கு அப்புறம் ஒரு தடவை தப்பா வாங்கிட்டு வந்திருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். துணி, நூல்கண்டு, பக்கெட், குடை. ஒரு தடவைகூட இல்லை. உடனே அவருக்கு ஒரு வேலை சொன்னேன்.

"வீட்டுக்குப் போனதும் கிளவுஸ் மாட்டிக்கிட்டு அந்த ஊதா சோப்பைத் துருவி வைங்க. ராத்திரி எந்நேரமானாலும் இன்னைக்கே திரும்பக் காய்ச்சிடலாம்."

"எந்த ஊதா?"

"உங்க ஊதா," என்றேன்.