பச்சை விளக்கு வருவதற்குள்

கணவன் இறந்தபின் வீட்டிலேயே இருக்கும் இத்தாவின் மூன்றாம் மாதம். தானும் நிரல் எழுதத் தெரிந்த நுஸைபா, வெளியே போக முடியாமல், மாடி அறையில் கணவன் ஃபாரிஸின் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். ஜன்னலுக்கு அப்பால் மலைக்கோட்டைப் பாறை உச்சி வெயிலில் மிதப்பதுபோல் நின்றது.

தொப்பம்பட்டித் தென்னந்தோப்புகளில் மண்ணின் ஈரத்தை அளக்கும் பெட்டிகளுக்கு, கணினியின் அடிவயிறான கர்னலுக்குள் ஓடும் நிரலை எழுதியவன் ஃபாரிஸ். அவன் மௌத்துக்குப் பிறகுதான் பெட்டிகள் தோப்புக்குப் போயின. வாரம் ஒரு முறை நினைவகம் நிறைந்து மூச்சடைத்து நின்றன. திங்கட்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால், அலுவலகத்தில் ஃபாரிஸின் நிரலைத் தூக்கிவிட்டு வேறு போடுவார்கள்.

ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கர்னல் ஓர் எண் வைத்திருக்கும். அது பூஜ்யமானால்தான் இடம் காலியாகும். எங்கோ ஒரு பிடி விடப்படாமல் கிடந்தது. அலுவலகத்தில் ஃபாரிஸோடு வேலை பார்த்த பிரபு அங்கே சோதித்தபோதெல்லாம் எண் ஒழுங்காக இறங்கியதாக எழுதினான்.

நேரில் போக வழியில்லாததால், தோப்பில் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொன்னழகுவை ஃபோனில் பிடித்தாள். பெட்டியில் இருப்பது ஒரே துளை. ஈரமானியைக் கழற்றிவிட்டு அதில்தான் செல்லுக்குச் சார்ஜ் போடுவதாக அந்த அம்மாள் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"திரும்ப மாட்டுனா வெளக்கு செவப்பாவே நிக்குமுங்க. பச்சையாகற வரைக்கும் ஆரு காத்துக்கிட்டு இருப்பா? புடுங்கிப் புடுங்கிச் சொருகுவேனுங்க. திட்டாதீங்க."

"திட்டலக்கா. இப்ப அப்படியே செய்ங்க."

மடிக்கணினித் திரையில் எண் ஒன்றிலேயே நின்றது. பிரபு ஒவ்வொரு தடவையும் பச்சைக்குக் காத்திருந்திருக்கிறான். நிரலில் வெளியேறும் வாசல்கள் நான்கு. மூன்றில் பிடி விடப்பட்டிருந்தது. பச்சைக்கு முன்பே பிடுங்கி, தொடங்கும்போதே தோற்றால் போகும் நாலாவதில் ஃபாரிஸ் மறந்திருந்தான். வண்டிச் சாவியைத் தேடி வீட்டையே புரட்டும் அவன் முகம் தெரிந்தது. ஒரே வரி சேர்த்து, பெட்டிக்கு அனுப்பினாள்.

"இப்பப் புடுங்குங்கக்கா."

பூஜ்யம். கூடவே, பொருள் விடுபடும்போது வருமாறு அவன் எழுதிவைத்திருந்த செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழாகத் திரையில் ஊர்ந்தது. போய்ட்டு வாரேன். பிரபு எண்ணை மட்டும்தான் சொல்லியிருந்தான்.

"ஆச்சுங்களா?"

"ஆச்சுக்கா. செத்த இருங்க. இன்னும் ஒருக்கா."

பதினோரு முறை பார்த்தபின் திருத்தத்தை அனுப்பினாள். மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பிரபுவின் பதில் வந்தது. ஃபாரிஸ் நிரலே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. அந்த ஒரு செய்தி மட்டும் தேவையில்லாதது, எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தான்.

வேண்டாம் என்று எழுதிவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்ய எழுந்தாள்.