செக்மெட்டின் காலில் குங்குமம்

சச்சிதானந்தன் மியூசியத்தில் காவலாளி. யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருஷம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இருந்தவர். தலைமை இலிகிதராக ஓய்வுபெறும்வரை அவருடைய கையெழுத்து இருந்த காகிதத்தில் ஒருவரும் பிழை கண்டதில்லை. ரொறொன்ரோவில் உறவுக்காரர் விசாரித்தால், "மியூசியத்திலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அங்கே என்ன வேலை என்று மேலே கேட்க யாருக்கும் துணிவு வந்ததில்லை.

1996 பெப்ரவரியில் அந்த மனிதருக்கு இருந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் கண் மூடவில்லை.

எகிப்து மண்டபத்தில் செக்மெட் என்ற தேவியின் கருங்கற் சிலை இருந்தது. பெண்ணுடல், சிங்க முகம், தலைக்கு மேல் சூரிய வட்டம். கைகளைத் தொடையில் வைத்தபடி மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக அமர்ந்திருப்பவள். அவளுடைய கால் பெருவிரலில் அடுத்தடுத்து மூன்று புதன்கிழமைகள் யாரோ குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

புதன் சச்சிதானந்தனுக்கு லீவு. அன்று அந்த மண்டபத்தில் நிற்பவன் றெமிஜியஸ். மன்னார்க் கத்தோலிக்கப் பொடியன், இரண்டு கைக்குழந்தைகளுக்குத் தகப்பன். பூசியது தமிழர் பூசுகிற பொருள், நின்றவனும் தமிழன் என்று சூப்பர்வைசர் கணக்குப் போட்டார். இந்தப் புதனும் இப்படி நடந்தால் வேலை இல்லை என்று கடிதமே கொடுத்துவிட்டார்.

"எனக்கு மெழுகுதிரி கொளுத்தத்தான் தெரியும் அண்ணை," என்றான் றெமிஜியஸ், உடை மாற்றும் அறையில். "குங்குமத்தை எந்த விரலாலை வைக்கிறதெண்டே தெரியாது. உங்கடை ஆக்கள் ஆரோதான். கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்கோவன்."

"எங்கடை ஆக்கள் களவாய்க் கும்பிடமாட்டினம்," என்றார் சச்சிதானந்தன். முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

சொல்லிவிட்டாரே தவிர அந்த வார்த்தை அவரை விடவில்லை. புதன்கிழமை காலையில் பல் டொக்டரிடம் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் ஏறினார். கென்னடியில் சப்வே. இடம் இருந்தும் உட்காரவில்லை. மியூசியத்தில் மம்மிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றார், நடந்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், திரும்பவும் நின்றார். பன்னிரண்டரைக்கு றெமிஜியஸ் சாப்பிடப் போனான். அந்த அரைமணி நேரம் பக்கத்து மண்டபக் காவலாளிதான் இரண்டையும் பார்ப்பான்; அதாவது ஒன்றையும் பார்க்கமாட்டான்.

முதலில் அவர் கண்ணில் பட்டது ஒரு சோடி சப்பாத்து. தூண் ஓரத்தில், ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காகக் கழற்றி வைத்த கபில நிறப் பனிச் சப்பாத்து. சுற்றி உருகிய பனித்தண்ணீர். இந்த ஊரில் ஒரு கற்சிலைக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றுகிறவர் யார்? அந்தச் சப்பாத்தை மார்கழியில் கடை கடையாக ஏறி வாங்கியவர் அவர்தான்.

அவருடைய மனைவி சந்திரவதனா கம்பளி மேசு மட்டும் போட்ட காலோடு குளிர்ந்த தரையில் நின்றாள். கண் மூடியிருந்தது. தேவியின் கால் விரலில் குங்குமம் பளிச்சென்றிருந்தது.

"இஞ்சரும்," என்றார்.

அவள் திடுக்கிடவில்லை. "பல்லுக்குப் போகேல்லையோ?"

"என்ன வேலை உது? புதனிலை கடைக்கெண்டு வெளிக்கிடுறது இஞ்சைக்கோ? இது கோயிலோ? உள்ளுக்கு எப்பிடி வந்தனீர்?"

"குடும்பக் காட் தந்தவையெல்லே உங்களுக்கு. காட்டினன், விட்டவை."

"எகிப்துக்காரற்றை தெய்வமப்பா இது!"

"நீங்கள்தானே வீட்டை வந்து சொன்னனீங்கள். இவவுக்குக் கோவம் வந்தால் சண்டையும் நோயுமாம். ராசாமார் நூற்றுக்கணக்கிலை சிலை செய்து வைச்சுக் குளிர்த்தினவையாம். விடியக் காலமை ஐயர்மார் கழுவி, சீலை சாத்தி, படைச்சு, பாடுவினமாம். இஞ்சை ஒரு பொட்டுமில்லாமல் இருத்தி வைச்சிருக்கினம். பேந்து ஏன் ஊரிலை சண்டை நிக்கும்?"

இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரிக்குப் போன மகன் ஜனார்த்தனிடமிருந்து நாலு மாதமாகக் கடிதம் இல்லை. அவர் அந்தப் பேச்சை வீட்டில் எடுக்க விடுவதில்லை. எடுத்தால் தன் குரல் உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"றிச்மண்ட் ஹில்லிலை பிள்ளையார் இருக்கிறாரெல்லே?"

"எதிலை போறது? ஆரிட்டையும் காரிலை கூட்டிக்கொண்டு போகச்சொல்லிக் கேக்கமாட்டீங்கள். கேட்டால் குறைஞ்சுபோவீங்கள். சப்வே வாற இடத்திலை இருக்கிறது இவ ஒருத்திதான்."

சச்சிதானந்தன் சட்டைப்பையிலிருந்து கைதுடைக்கும் லேஞ்சியை எடுத்தார். ஒரு துடைப்பு, அவ்வளவுதான். சூப்பர்வைசருக்கும் தெரியாது, உறவுக்கும் தெரியாது, றெமிஜியஸின் வேலையும் தப்பும். குனிந்தார். கை தேவியின் கால் விரலருகே போய் நின்றுவிட்டது. எந்த நாட்டு அம்மாளாக இருந்தால் என்ன, பிள்ளையின் உயிருக்காக வைத்த குங்குமத்தைத் தகப்பன் கையாலே அழிப்பதா?

நிமிர்ந்தபோது வாசலில் றெமிஜியஸ் நின்றான். அவன் பார்வை குங்குமத்தில் விழுந்தது, பிறகு கழற்றி வைத்த சப்பாத்தில், பிறகு அவர் முகத்தில். அவன் கை சட்டைப்பையிலிருந்த கடிதத்துக்குப் போனது.

"வாரும் தம்பி," என்றார் சச்சிதானந்தன். "அந்தக் கடிதத்தையும் கொண்டு வாரும்."

சூப்பர்வைசரின் அறையில் கதிரை காட்டினார்கள். அவர் உட்காரவில்லை. செய்தது தன் மனைவி என்றார். அந்தப் பொடியனுக்கு இதில் பங்கில்லை என்றார். எழுதித் தாருங்கள் என்றதும் தகப்பன் பெயரையும் சேர்த்து முழுப்பெயரை எழுதினார். அந்தப் பெயர் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு காகிதத்தின் அடியில் இருப்பதை முதல் தடவையாகப் பார்த்தார். எழுத்து மட்டும் நடுங்கவில்லை.

வெளியே படியில் சந்திரவதனா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். பனி தூறிக்கொண்டிருந்தது.

"என்னவாம்?"

"நீர் இனி வரக்கூடாதாம். என்னை வாற ஆக்களின்ரை கோட்டு வாங்கி வைக்கிற இடத்துக்கு மாத்திப்போட்டினம்."

"அந்தப் பொடியன்?"

"அவனுக்கு ஒண்டுமில்லை. கடிதத்தைக் கிழிச்சுப்போட்டினம்."

அவள் மியூசியக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உடனை துடைச்சுப்போடுவினமோ?"

"சிலையளைத் துடைக்கத் தெரிஞ்ச பொம்பிளை நாளைக்குத்தான் வருவா. வேறை ஒருத்தரும் தொடக்கூடாதாம்."

"அப்ப இண்டைக்கு இருக்கும்," என்றாள் சந்திரவதனா.

"இருக்கும்," என்றார் அவர்.