துணைக்கு வருபவர் பெயர்

"ஏன் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகல்ல?"

"பஸ் இல்ல தங்கச்சி."

"போன கிழமை ஆரையம்பதிக்குக் கலியாண வீட்டுக்குப் போனீங்களாமே. அதுக்கு மட்டும் பஸ் வந்ததா?"

"அது சோறு போடுற இடம். இது ஊசி போடுற இடம். ரெண்டும் ஒண்டா?"

றஸீனா சிரித்துவிட்டாள். மடியில் இருந்த கடதாசியைப் பேனையால் தட்டினாள். "இதில அஞ்சு காரணம் இரிக்கு. பஸ், வேலை, செலவு, தூரம், பயம். எதுக்குப் புள்ளடி போடட்டும்?"

"எல்லாத்துக்கும் போடுங்க. இந்த வெயிலுக்குள்ள வந்த பிள்ள வெறுங்கடதாசியோட போகப்படாது."

அவள் எதற்கும் புள்ளடி போடவில்லை. பேனையை மூடிப் பைக்குள் வைத்தாள். "இது கடதாசியில இல்லாத கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டா ஆரோட போவீங்க?"

இலட்சுமிப்பிள்ளை வாயைத் திறந்தாள். ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "தெரியா," என்றாள்.

இரண்டு மாதத்துக்கு முந்திய பேச்சு அது. தேற்றாத்தீவில் தன் வளவில் குந்தியிருந்து இறாலின் தலை கிள்ளும்போதும், கிணற்றடியில் வாளியை இறக்கும்போதும், அந்தக் கடைசிக் கேள்விதான் இலட்சுமிப்பிள்ளையின் காதுக்குள் நின்றது. பஸ்ஸும் செலவும் போன இடம் தெரியவில்லை.

றஸீனா ஏறாவூர்ப் பிள்ளை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துவிட்டு, அங்கேயே ஓர் ஆய்வில் வேலை செய்தாள். வாய்ப் புற்றுநோயைப் பற்றிய ஆய்வு. ஆனால் மருந்தைப் பற்றியதல்ல, மனிதரைப் பற்றியது. வெற்றிலையும் புகையிலையும் கூடாது என்று தெரிந்த பிறகும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள், வாயில் புண் கண்ட பிறகும் ஏன் வைத்தியரிடம் போகமாட்டேன் என்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தாள். ஏறாவூர்ப் பிள்ளை தேற்றாத்தீவுத் தமிழ் வளவுகளுக்குள் தனியாக வந்து போகிற காலமா அது? தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தவற்றை இரண்டு பக்கமும் மறக்கவில்லை. "நான் வெளிக்கிட்டா உம்மா வாசல்ல நிண்டு ஓதத் துவங்கிருவா. திரும்பிப் போற வரைக்கும் நிப்பாட்ட மாட்டா," என்று அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளிலிருந்து இலட்சுமிப்பிள்ளைக்கு அவள்மீது பாசமும் வாரப்பாடும்.

இத்தனைக்கும் அவள் கன்னத்துக்குள் இருந்த வெள்ளைத் தழும்பு வெளியே தெரியவந்ததே ஒரு பிழையால்தான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாய் பரிசோதிக்க ஒரு பல் டொக்டர் வருவதாக வளாகத்தார் அறிவித்திருந்தார்கள். சந்தியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு குருவியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்ச் சங்கத் தலைவர் வினாயகமூர்த்திக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. "அழைக்காம ஆர் வருவான்? நாங்க அழைக்கிற மாதிரி அழைச்சாத்தான் சனம் வரும்," என்று சொல்லி, கலியாணத்துக்கும் கோயில் சடங்குக்கும் அழைப்பதுபோல வட்டாவில் வெற்றிலை அடுக்கி, பாக்கு வைத்து, புகையிலையும் நறுக்கி வைத்து, வீடு வீடாகப் போய் நீட்டினார். வாய்ப் புற்றுநோய் பார்க்க வாருங்கள் என்று வெற்றிலை வைத்து அழைத்த ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். வட்டாவில் கை வைத்தவன் வராமல் இருப்பானா? அடுத்த நாள் ஊரே வந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் அந்த வெற்றிலையைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். வரிசையில் நின்ற சிவந்த வாய்களைப் பார்த்து டொக்டர் தலையில் கை வைத்தார்.

றஸீனா மட்டும் வினாயகமூர்த்தியைக் குறை சொல்லவில்லை. கொப்பியைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் டொக்டர் இலட்சுமிப்பிள்ளையின் இடது கன்னத்தை உள்ளே விரலால் விரித்துப் பார்த்து, "இது எவ்வளவு காலமா இரிக்கு அம்மா?" என்று கேட்டார். காரம் பட்டால் எரியும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். "பயப்படாதீங்க. ஆனா டவுன் ஆஸ்பத்திரியில சின்னத் துண்டு வெட்டிப் பாக்கணும். நேரத்தோட வந்தாச் சுகமாக்கலாம். சொணங்கப்படாது. வெத்திலய இண்டைக்கே விடுங்க," என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார்.

வெற்றிலையை அவள் அன்றைக்கே விட்டாள். துண்டை மட்டும் வெறுமையாய்ப் போன வெற்றிலைக் கொட்டப்பெட்டிக்குள் மடித்துச் செருகிவிட்டு, "பல்லு நோவாம், வெத்தில போடப்படாதாம்," என்று புருசனிடம் சொன்னாள். ஆறு மாதம் ஓடிவிட்டது.

அவள் புருசன் இளையதம்பி வாவியில் மீன் பிடிக்கிறவர். தொண்ணூறில் ஆமி நடத்திய சுற்றிவளைப்பில் பிடிபட்டு, எழுபத்துமூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தவர். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை. அன்று தொடங்கி, இந்தத் தொண்ணூற்றெட்டு வரை, அவர் டவுனுக்குப் போகும் கல்லடிப் பாலத்தைத் தாண்டவில்லை. பாலத்துச் சென்றியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை யாரும் சொன்னாலே அவர் எழுந்து தோணித்துறைக்குப் போய்விடுவார். மகள் டவுன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றபோதுகூட அவர் போகவில்லை. பேத்தி வீட்டுக்கு வந்த பிறகுதான், ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துத் துடைத்து, அதைத் தூக்கினார்.

அவரிடம் எதையும் கேட்பதில்லை என்று இலட்சுமிப்பிள்ளை அப்போதே முடிவு செய்துகொண்டாள். உயிரோடு வந்து சேர்ந்த மனிசன். அதற்குமேல் கேட்பது பேராசை என்று பட்டது. வீடும் வளவும் அவளுடைய தாய்வழியில் வந்த சீதனம். அதற்கு மேலாக அவள் அவருக்குக் கொடுத்த சீதனம் இந்தக் கேளாமைதான்.

நேற்றுச் சனிக்கிழமை றஸீனா மறுபடி வந்தாள். இந்த முறை புள்ளடி போடும் கடதாசி இல்லை.

"அக்கா, இந்த ஊரில பத்தொன்பது பேருக்குத் துண்டு குடுத்த. நாலு பேர்தான் போயிரிக்காங்க. ஏனெண்டு பாத்தா, அந்த நாலு பேரோடயும் துணைக்கு ஒராள் போயிரிக்கு. மத்தப் பதினைஞ்சு பேரும் ஆரையும் கேக்கவே இல்ல. கேட்டு, வரமாட்டன் எண்டு சொன்ன கதை ஒண்டுகூட இல்ல. கேக்கவே இல்ல அக்கா."

இலட்சுமிப்பிள்ளை முந்தானையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க என்னவோ நோட்டீஸ் அடிச்சாப் போதும், புகையிலை கூடாதெண்டு படம் காட்டினாப் போதுமெண்டு இரிந்த. நீங்க சொல்லித்தான் இது விளங்கின."

"நான் ஒண்டும் சொல்லல்லயே."

"ஓம், சொல்லல்ல. அண்டைக்கு ஒரு பேரச் சொல்ல வந்து சொல்லாம விட்டீங்க. மறுகா ஒவ்வொரு வீட்டுலயும் அதே கேள்வியக் கேட்டன். எல்லாரும் அப்பிடித்தான் விழுங்கினாங்க."

பிறகு புதிய துண்டை எடுத்து நீட்டினாள். பழையதில் ஒரு கோடு, இதில் இரண்டு. மேலே 'நோயாளியின் பெயர்'. கீழே 'துணைக்கு வருபவர் பெயர்'. செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் சந்திக்கு வேன் வரும். இரண்டு பெயரையும் போட்ட கடிதம் ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்து ஒவ்வொரு சென்றிக்கும் முதலே போய்விடும். கூட வருகிறவரும் டொக்டருக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். திங்கட்கிழமை வந்து துண்டை வாங்கிக்கொள்வாளாம்.

"ஒரேயொரு சட்டம்தான். பேர நான் எழுத மாட்டன். நீங்க அந்த ஆளிட்ட வாயால கேட்டுத்தான் எழுதணும்."

"வளாகத்தில இதுக்கும் சட்டம் படிப்பிக்கிறாங்களா?"

"இது நீங்கெல்லாம் எனக்குப் படிப்பிச்ச சட்டம்," என்று எழுந்தவள், வாசலில் நின்று, "அக்கா, நான் உங்களுக்காக அல்லாஹ்ட்டத் துஆக் கேக்கிறன்," என்றாள்.

இலட்சுமிப்பிள்ளை அடுப்படிக்கு ஓடினாள். பெற்ற மகளும் தன் பிள்ளையோடு அல்லாடும் காலத்தில், எங்கேயோ பிறந்த பிள்ளை எத்தனை சென்றி தாண்டி வந்து தன் கன்னத்துத் தழும்புக்காகக் கவலைப்படுகிறதே! இரண்டு தேங்காயையும் ஒரு பொதி காய்ந்த இறாலையும் றஸீனாவின் பைக்குள் திணித்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த வளவுக் கண்ணகையிடம் விசயத்தை மெல்ல அவிழ்த்தாள். கண்ணகை கேட்டு முடித்ததும் ஒரு பாட்டம் ஏசினாள்.

"ஆறு மாசமா மறைச்சு வெச்சியா? உன்னக் கட்டி வெச்சு அடிக்கணும். எழுது என்ட பேர. நான் வாறன். சென்றியில என்ட வாய் அடங்காது, அத மட்டும் பாத்துக்க."

"மெய்யாத்தான் வருவியா?"

"வருவன்கா. ஆனா நீ என்ட பேர எழுதப்போற ஆள் மாதிரித் தெரியல்ல. கதைக்கிறது என்னோட, கண்ணு போறது தோணித்துறைப் பக்கம்."

இலட்சுமிப்பிள்ளை தலை குனிந்தாள். கண்ணகை வந்தால் எல்லாம் சுகமாய் முடியும். ஆனால் கன்னத்தில் துண்டு வெட்டி, பதில் சொல்லும் நாளில், டொக்டர் முகத்தைத் தூக்கிப் பார்க்கும் அந்த நேரத்தில், பக்கத்துக் கதிரையில் யார் இருக்க வேண்டும்? அதை நினைத்தால் ஒரு முகம்தான் வந்தது.

"அவரக் கேக்கேலா, கண்ணகை. பாலத்தடிக்கு வாற மனிசனா அவர்?"

"கேட்டியா?"

இலட்சுமிப்பிள்ளை வேலி ஓலையைக் கிள்ளினாள்.

"உன்ட மனிசன் ஏன் வெத்திலய விட்டாரெண்டு தெரியுமா உனக்கு?"

தெரியாதுதான். பதினைந்து வயதிலிருந்து போட்டவர், அவள் விட்ட கிழமையே ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டார். தோணிக்குப் போகும்போது கறுவாப்பட்டைத் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு போவார். விலை ஏறியதால் என்று அவள் நினைத்திருந்தாள்.

"உங்கட வீட்டு வெத்தில வட்டாவ எனக்கிட்டத் தந்தது அவர்தான். கேட்டன், ஏன் அண்ணன் எண்டு. 'அவ வாய்க்குள்ள என்னத்தையோ மறைச்சு வெச்சிரிக்கா கண்ணகை. சொல்லும்போது சொல்லட்டும். அவ போடாத வெத்தில எனக்கு என்னத்துக்கு' எண்டார். சொல்லப்படாதெண்டு சத்தியமும் வாங்கின. இப்ப நான் சத்தியம் தப்பிற்றன். பாவம் உனக்குத்தான்."

இலட்சுமிப்பிள்ளை அழவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. ஆறு மாதமும் தான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்திருக்க, அந்த மனிசன் கறுவாப்பட்டையைக் கடித்துக்கொண்டு தனக்குக் காவல் இருந்திருக்கிறார். பிறகு கோபம் கரைந்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை. வெற்றிலை வைத்து அழைத்த வினாயகமூர்த்தியையா, பேனையை மூடிய றஸீனாவையா, சத்தியம் தப்பிய இவளையா?

பின்னேரம் தேத்தண்ணீரும் சீனியும் எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போனாள். துண்டு இடுப்பில் இருந்தது. கண்டல் மர நிழலில் இளையதம்பி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மடங்காத விரல்களுக்கு நடுவில் நூலைக் கொடுத்து இழுப்பதற்கு அவராக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அவள் கோப்பையைக் கொடுத்தாள். அவர் குடித்தார். கோப்பையை வாங்கிக்கொண்டும் அவள் போகவில்லை.

"என்ன புள்ள, கடன் கேக்க வந்த ஆள் மாதிரி நிக்கிற?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாட்டி இரி."

இருந்தாள். கலியாணமான இத்தனை வருசத்தில், தொண்ணூறுக்கு முந்தி, அவரிடம் எதைக் கேட்டாலும் வெற்றிலை மடித்துக் கொடுத்துத்தான் கேட்டிருக்கிறாள். தோடு கேட்டதும் அப்படி, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னதும் அப்படி. அவர் மென்று முடிக்கும்வரை நேரம் கிடைக்கும். தன் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவருக்கும் ஒரு சாட்டு இருக்கும். இப்போது கையில் ஒன்றுமில்லை. கைகளை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"வெத்தில இல்லாம ஒரு விசயம் எப்பிடிக் கேக்கிற?" என்றாள், வாவியைப் பார்த்துக்கொண்டு.

வலை பொத்திய கை நின்றது. அவர் ஊசியை மண்ணில் குத்தினார். வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அவள் பக்கம் முழுதாகத் திரும்பி இருந்தார்.

"வெறுங்கையோட கேளு," என்றார்.

 என்ன கேட்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் திரும்பி இருக்கிறார் என்று அவளுக்கும் விளங்கியது. துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். மேல் கோட்டில் அவள் பெயரை வாசித்தார். கீழ்க் கோட்டில் விரலை வைத்து, அது வெறுமையாய் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு வருசமாக அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த எட்டு வருசமும் இப்போது நெஞ்சுக்குள் ஏறி நின்றன.

"எனக்குப் பயமா இரிக்கு," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "கண்ணகை வாறன் எண்டுதான் சொல்றா. எனக்கு அவ வேணாம். செவ்வாய்க்கிழமை கல்லடிப் பாலம் தாண்டி நீங்க என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்க."