முன்வரிசையில் ஏழாம் இடம்

செவ்வாய்க்கிழமை மதியம் இவானோ போன் செய்தான். கடற்கரையில் நாங்கள் கோடைக்குப் போகும் கூடார முகாமை நடத்துகிறவன். ஜனவரியில் அவனிடமிருந்து கடிதம்தான் வரும், நான்கு வரி. பழைய ஆட்கள் தங்கள் பழைய இடத்தை மாதக் கடைசிக்குள் உறுதி செய்யவும். போன் வந்ததே இல்லை.

"ஓர்னெல்லா, உக்காந்திருக்கியா?"

"நாள் பூரா உக்காந்துதான் இருக்கேன். க்ளினிக்ல இருக்கேன். சொல்லு."

"ஏழாம் நம்பர் காலியாயிருக்கு."

எதிரே ஒருவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி படிவத்தை நீட்டினார். வாங்கி வைத்தேன். படிக்கவில்லை.

முகாமின் முன்வரிசையில் எட்டே இடங்கள். அங்கே கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால் மணல், அதற்கப்பால் கடல். எங்களுடையது அறுபத்து மூன்று. மூன்றாம் வரிசை, பைன் மரங்களுக்குள், பாத்திரம் கழுவும் தொட்டிகளை ஒட்டி. பதினைந்து வருடமாக அங்கேதான் கூடாரம் அடிக்கிறோம். முன்வரிசைக்குப் பெயர் கொடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அதை யாரும் தாமாக விடுவதில்லை.

"அங்க இருக்கற துல்லியோவுக்கு என்ன ஆச்சு?"

"ஏழாம் நம்பரை விட்டுடறேன்னு ஒரு கார்டு வந்திருக்கு."

"அவர் எழுதினதா?"

கொஞ்சம் தயங்கினான். "எழுத்து அவரோடது மாதிரி இல்ல. இதுக்கு மேல கேக்காத. ஊர், பேர், போன் நம்பர் எதையும் நான் வெளிய சொல்லக் கூடாது. சட்டம் அப்படி. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் உங்களுக்காக வெச்சிருப்பேன். அப்புறம் அடுத்து பேர் கொடுத்திருக்கற பெர்கமோக்காரங்களுக்குப் போயிடும்."

"ரேடியோ வெச்சிருக்காங்களே, அவங்களா?"

"அவங்களேதான்."

என் கணவர் எர்மெஸ் பால் டேங்கர் ஓட்டுகிறார். நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தார். சொன்னதும் கோட்டைக் கழற்றாமலே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். கிரெமோனாவில் அன்று பனிமூட்டம். குப்பைத் தொட்டிகளுக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் நடுவே அவர் குனிந்து சாக்கட்டியால் கூடாரத்தின் அளவுக்குக் கோடு போடுவது ஜன்னலிலிருந்து மங்கலாகத் தெரிந்தது. கீழே போனேன்.

"வாசல் மேற்கே வெச்சா படுத்துக்கிட்டே கடலைப் பாக்கலாம்" என்றார். "ஆனா காத்து நேரா உள்ள வரும். மணல்ல கூடாரம் நிக்க நீள முளை வேணும். நம்ம முளையெல்லாம் காட்டு மண்ணுக்கு வாங்கினது."

"எர்மெஸ், அவர் செத்துப் போயிருந்தா?"

"செத்துப் போனவர் கார்டு போடுவாரா?"

"எழுத்து அவரோடது இல்லங்கறான்."

அவர் நிமிர்ந்தார். "ஹோட்டல்ல படுக்கறதுக்கு முன்னாடி முந்தின ஆள் எங்க போனான்னு கேப்பியா?"

"முந்தின ஆள் பதினஞ்சு வருஷமா எனக்கு மத்தி சுட்டுக் கொடுக்கலையே."

ஒவ்வோர் ஆகஸ்டிலும் மாலையானால் நாங்கள் இரண்டு மடக்கு நாற்காலிகளையும் சலாமி இறைச்சியையும் தூக்கிக்கொண்டு ஏழாம் இடத்துக்குப் போவோம். துல்லியோ மத்தி சுடுவார். இருட்டும் வரை இருப்போம்.

"தெரிஞ்சுக்காம நான் அங்க முளை அடிக்க மாட்டேன்" என்றேன்.

"சரி, தேடு. ஆனா வெள்ளிக்கிழமை பதினொண்ணே முக்காலுக்கு நான் இவானோவுக்குப் போன் போடுவேன். நீ கண்டுபிடிச்சாலும் போடுவேன், கண்டுபிடிக்காட்டாலும் போடுவேன்."

தேட உட்கார்ந்தபோதுதான் அவரைப் பற்றி எதுவுமே தெரியாது என்பது தெரிந்தது. முகாமில் பெயரும் எண்ணும்தான். ஏழு துல்லியோ, அறுபத்து மூன்று ஓர்னெல்லா. என்ன வேலை, எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் புது ஆள் என்று அர்த்தம். பல் க்ளினிக்கில் நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் குடும்பப் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் எழுதுகிறேன். துல்லியோவைப் பற்றி அந்த மூன்றும் எனக்குத் தெரியாது. குளவிக்குப் பயப்படுவார் என்று தெரியும். தர்ப்பூசணியில் உப்புப் போடுவார். வயிற்றில் வலப்பக்கம் தழும்பு. விட்டுப்போன மனைவி, அவள் கூட்டிப்போன நாய் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறார். நாயின் பெயர்கூட நினைவிருக்கிறது. பீனோ.

"ரொட்டி" என்றேன் புதன்கிழமை காலை.

எர்மெஸ் காபியிலிருந்து தலை தூக்கினார். "என்ன ரொட்டி?"

"முதல் நாள் ஒரு பை நிறைய ரொட்டி கொண்டு வருவாரே. நடுவுல முறுக்கி, நாலு கொம்பு வெச்சு. அது ஃபெராரா ரொட்டி. வேற ஊர்ல அப்படிப் போட மாட்டாங்க."

"ஃபெராராக்காரன் எதுக்கு நம்ம பக்கம் வரான்? அவங்களுக்குக் கிழக்குப் பக்கக் கடல் ஒரு மணி நேரம். மலையைத் தாண்டி அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றதுக்கு அவர் என்ன திருடனா, ஒளியறதுக்கு?"

அதுவும் நியாயம்தான். அது வேறு எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அன்று மாலை பழைய படங்களை எல்லாம் பார்த்தேன். பதினைந்து கோடைக்காலங்கள். துல்லியோ எல்லாவற்றிலும் ஓரத்தில் இருந்தார், பாதி முதுகோ ஒரு கையோ. ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தில் மேஜை மேல் தர்ப்பூசணி, அதன் அடியில் நசுங்கிய காகிதப் பை. பையில் பச்சை நிறத்தில் ஒரு நாரை. எழுத்துகளைத் தர்ப்பூசணி மறைத்திருந்தது. ஃபெராராவின் அடுமனைகளை இணையத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இருபத்தாறாவதில் அந்த நாரை ஒற்றைக் காலில் நின்றது.

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம்.

"துல்லியோன்னு ஒருத்தரைத் தேடறேன். உங்ககிட்ட ரொட்டி வாங்குவார்."

"எந்த துல்லியோ? எனக்கு மூணு துல்லியோ இருக்காங்க. குடும்பப் பேர் என்ன?"

"தெரியாது."

"தெரு?"

"தெரியாதுங்க."

"என்னம்மா இது, கனவுல பாத்த ஆளையா தேடறே?"

"கடற்கரைல பாத்த ஆள். எழுபது வயசு இருக்கும். நாலு கொம்பையும் அவர் தின்னுட்டு நடுவை மத்தவங்களுக்குக் கொடுப்பார்."

அவள் சிரித்தாள். "அந்த மகராசனா! நடு ரொட்டி இல்லாம வெறும் கொம்பா சுட்டுக் கொடுன்னு என்கிட்ட சண்டைக்கு வந்த ஆளாச்சே." பிறகு இயந்திரத்தை நிறுத்தினாள். "நவம்பர்லேர்ந்து அவர் கடைக்கு வரலம்மா."

"என்ன ஆச்சு?" என்றேன்.

"விழுந்துட்டார். இடுப்பெலும்பு. ஆபரேஷன் ஆச்சு. அண்ணன் மகதான் வந்து வாங்கிட்டுப் போறா, அவருக்காகக் கடிதம் எழுதறதும் அவதான். உன் நம்பரைக் கொடு, சனிக்கிழமை வரும்போது அவகிட்ட கொடுக்கறேன்."

"நாளைக்கு மதியத்துக்குள்ள வேணுமே."

"அப்படி என்ன அவசரம்?"

சொன்னேன். ஏழு, அறுபத்து மூன்று, பெர்கமோக்காரர்கள், ரேடியோ எல்லாம். அவள் இடையில் இரண்டு கேள்வி கேட்டாள், இரண்டும் நல்ல கேள்விகள்.

"ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு" என்றாள் கடைசியில். "கடை சாத்திட்டு நானே போறேன். எனக்கும் தெரிஞ்சாகணும் இப்போ."

அன்று போன் வரவில்லை. உயிரோடு இருக்கிறார் என்பது தெரிந்தாகிவிட்டதே என்றார் எர்மெஸ். கடையிலிருந்து நீள முளைகள் இருபது வாங்கி வந்திருந்தார். அவற்றை மேஜை மேல் வரிசையாக வைத்திருந்தார். ஏன் விட்டார் என்பது தெரியவில்லையே என்றேன். இடுப்பெலும்பு முறிந்தவர் ஆகஸ்டுக்குள் நடந்துவிடுவார். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை எனக்கு மதிய வேலை. எர்மெஸ் வேறு ஒருவருக்கு வண்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். பதினொன்று ஐந்துக்கு போன் அடித்தது. தெரியாத எண்.

"யாரு, அறுபத்தி மூணா?"

"துல்லியோ!"

"ரொட்டிக்காரி நேத்து வந்தா. போனை எடு, பேசுன்னு ஒரே பிடிவாதம். நான்தான் விடிஞ்சு பேசறேன்னேன். இன்னைக்குக் காலைல மறுபடி வந்து நிக்கறா. பேசற வரைக்கும் ரொட்டி கிடையாதாம்."

"ஏன் விட்டீங்க?"

"நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டியா?"

"நல்லா இருக்கீங்களா? ஏன் விட்டீங்க?"

பெருமூச்சு விட்டார். "ஏழாம் நம்பர்லேர்ந்து கழிப்பறை எவ்வளவு தூரம்னு உனக்குத் தெரியுமா? நூத்தி எண்பத்தி நாலு காலடி. மணல்ல. இந்த வயசுல ராத்திரிக்கு மூணு தடவை போகணும். இப்ப கைத்தடி வேற. மணல்ல கைத்தடி இறங்குது, ஏற மாட்டேங்குது. இங்க பூங்கால, குழந்தைங்க மணல் தொட்டில நடந்து பாத்துட்டேன். ஒரு குழந்தை அழுதுடுச்சு."

"வேற இடம் கேட்டிருக்கலாமே."

"முன்வரிசைல முப்பது வருஷம் இருந்தவன் பின்னாடி போவானா? யாராவது போயிருக்காங்களா? சொல்லு, ஒருத்தர்."

யோசித்தேன். ஒருவரும் இல்லை. முன்வரிசைக்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அப்புறம் வரமாட்டார்கள். முடியாமல் போனபோது எல்லோரும் இப்படித்தான் ஒரு கார்டு போட்டார்களா? அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"அதனால வீட்லயே இருக்கப் போறீங்களா, ஆகஸ்ட் பூரா?"

"மின்விசிறி வாங்கியிருக்கேன்."

"கிழக்குப் பக்கக் கடல் உங்களுக்குப் பக்கத்துலதானே?"

"அங்க ஃபெராரா பூரா இருக்கும். பதினோரு மாசம் பாத்த மூஞ்சியைப் பன்னெண்டாவது மாசம் ட்ரவுசரோட பாக்கணுமா?"

எர்மெஸ் கதவருகே வந்து நின்றார். கடிகாரத்தைக் காட்டினார். பதினொன்று இருபது.

"துல்லியோ, அறுபத்தி மூணுலேர்ந்து கழிப்பறை முப்பத்தோரு காலடி" என்றேன். "சிமெண்ட் பாதை."

மறுபக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சிமெண்டா?"

"போன வருஷம் கைப்பிடிக் கம்பியும் போட்டுட்டாங்க. விளக்கும் இருக்கு."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்க எப்ப அந்தப் பக்கம் வந்தீங்க? பதினஞ்சு வருஷத்துல ஒரு நாள் எங்க கூடாரத்தை எட்டிப் பாத்திருக்கீங்களா?"

"எல்லாரும்தான் என்கிட்ட வந்தீங்களே." பிறகு சந்தேகத்தோடு கேட்டார். "அது பாத்திரத் தொட்டிப் பக்கம்ல? சத்தமா இருக்குமே."

பொய் சொல்ல முடியவில்லை. "மதியம் ரெண்டு மணிக்கு ரொம்ப இருக்கும். தட்டு, சட்டி. அதை விடப் பேச்சு."

"என்ன பேசுவாங்க?"

"எல்லாம்தான். அம்பத்தெட்டுக்காரி அவ அக்காகூட ரெண்டு வருஷமா பேசறதில்ல, ஒரு குடையால. ஆனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்குத்தான் கழுவ வருவாங்க. பக்கத்துப் பக்கத்துல நின்னு மத்தவங்ககிட்ட பேசற மாதிரி ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்குவாங்க."

"அடப்பாவிகளா. குடைன்னா, யார் குடை?"

"அம்மாவோட குடை. அதுவும் கிழிஞ்சது."

"பெர்கமோக்காரன் ஏன் எப்பவும் ரேடியோ போடறான்?"

"உள்ள அவங்க சண்டை போடறது வெளிய கேக்கக் கூடாதுன்னு. அவளே தொட்டிகிட்ட சொன்னா."

"ஓர்னெல்லா" என்றார். குரல் மாறியிருந்தது. "முப்பது வருஷமா நான் அங்க உக்காந்து அலையை மட்டும் கேட்டுட்டிருந்தேன். அலை ஒண்ணுமே சொல்றதில்ல."

எர்மெஸ் தன் போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டார். பதினொன்றே முக்கால். "இவானோ, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்லட்டும்?"

போனைக் கையால் பொத்தினேன். பதினோரு வருடம் காத்திருந்த இடம். அங்கே போனால் அந்த அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? இதை எர்மெஸிடம் சொல்ல முடியாது. மேஜை மேல் இருபது முளைகள் இருந்தன.

"ஏழு நமக்கு" என்றேன். "அறுபத்தி மூணு துல்லியோவுக்கு. எழுதிக்கச் சொல்லு."

பொத்திய கைக்குள்ளிருந்து துல்லியோ கேட்டார். "இருக்கியா? அந்தக் குடை, அப்புறம் என்ன ஆச்சு?"

"அறுபத்தி மூணு இனிமே உங்களோடது. அப்புறம் நடக்கறதை நீங்கதான் கேக்கணும். கேட்டு, சாயங்காலம் ஏழாம் நம்பருக்கு வந்து எனக்குச் சொல்லணும். தினமும். வெளிச்சத்துல மெதுவா நடந்தா போதும். திரும்பும்போது எர்மெஸ் கூட வருவார்."

"மத்தி யார் சுடறது?"

"நாங்க சுடறோம்."

"நீங்க கருக்கிடுவீங்க." ஏதோ யோசித்தார். பின்னால் ரொட்டிக்காரி எதையோ கேட்பதும் இவர் அவளை இரு என்று அடக்குவதும் கேட்டது. "ஒரு சிக்கல். நான் தனி ஆள். என்கிட்ட ஒரே ஒரு தட்டுதான் இருக்கு. ஒரு தட்டைக் கழுவிக்கிட்டு ஒரு மனுஷன் அங்க எவ்வளவு நேரம் நிக்க முடியும்?"

"எங்க பாத்திரத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றேன்.