குதிரைக் காலண்டரில் பத்து வட்டம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டின் சமையலறையில், குதிரைப் பந்தய நாள்களைக் குதிரைப் படம் போட்டுக் காட்டும் பெரிய எழுத்துக் குதிரைக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. வருடம் பிறந்த முதல் ஞாயிறன்று அதன் முன்னால் ஒரு சடங்கு நடக்கும். வீட்டின் மூத்தவன் புவனேஸ்வரன் சிவப்புப் பேனாவோடு வந்து நிற்பான். தங்கை சுபாஷினிக்கு அந்த வருடம் தொழிற்சாலையில் எத்தனை நாள் லீவு என்று கேட்பான். பதினெட்டு என்பாள். அந்தப் பதினெட்டையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அப்பாவின் மருத்துவமனைத் தேதிகளுக்கு ஆறு. அண்ணன் குடும்பம் சுற்றுலா போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள நாலு. நிபோங் திபாலில் இருக்கும் மீனாட்சி அத்தை வீட்டு விசேஷங்களுக்குச் சமைக்க மூன்று. மிச்சம் ஐந்து நாள் அவசரத்துக்கு. யாருடைய அவசரம் என்று யாரும் சொன்னதில்லை. அவளுடையது இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

சுபாஷினிக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணின் நேரம் பொதுச்சொத்து என்று நம் வீடுகளில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் என்பதால் அதை யாரும் திருத்தவும் இல்லை.

அப்பா சுப்பையாவுக்குச் சர்க்கரை நோய். இடது பாதத்தில் மூன்று வருடமாக ஆறுவதும் திறப்பதுமாக ஒரு புண். தொழிற்சாலை பஸ் வருவதற்கு முன்பே எழுந்து, தினமும் அவள்தான் கட்டு மாற்றுவாள். புவனேஸ்வரனுக்கு நாற்றம் ஒத்துக்கொள்ளாது. அவன் மனைவி சாந்தினிக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். அப்பாவோ வருகிறவர்களிடமெல்லாம், “சுபா கை பட்டாத்தான் எனக்கு வலிக்காது, அவ கை அப்படி” என்பார். கூலி கொடுக்காமல் வேலை வாங்க நம்மவர்கள் கண்டுபிடித்த சுலபமான வழி பாராட்டு. அவளும் பாவம், அதில் பூரித்துப்போய் மூன்று வருடம் ஓட்டிவிட்டாள்.

இந்த வருடம் அண்ணன் வருவதற்கு முன்பே பேனாவை எடுத்துவிட்டாள். சீனப் புத்தாண்டுப் பெருநாளின் இரண்டு விடுமுறைகளையும் சேர்த்து வரிசையாகப் பத்து வட்டம் போட்டாள். இந்தியாவுக்குப் போகிறேன், ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று என்றாள். கோயிலுக்கா என்று சாந்தினி கேட்டாள். இல்லை, ரயிலுக்குத்தான் என்றாள் சுபாஷினி. கன்னியாகுமரியில் ஏறினால் அஸ்ஸாம் கோடியில் திப்ருகரில் இறங்கும் ரயில். நாலு நாள் ஓடும், நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

ஏன் இப்படி ஓர் ஆசை என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. நாம் கேட்டுக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடமாக அவள் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் வழியாக எறும்புக் கால் அளவுகூட இல்லாத கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர் வந்துவிடுகிறது, உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு பார்த்தாலும் தீராத ஒன்றை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். ஏசிப் பெட்டிகூட வேண்டாம், கண்ணாடி வழியாகப் பார்த்தது போதும் என்று ஜன்னல் திறக்கும் ஸ்லீப்பர் பெட்டியில் பதிவு செய்திருந்தாள்.

வீட்டில் புயல் அடித்தது. அப்பா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோக ஆரம்பித்தார். மீனாட்சி அத்தை போன் போட்டு, ஒற்றைப் பொம்பளை நாலு நாள் ரயிலிலா என்று ஒரு மணி நேரம் கேட்டதையே கேட்டார். அண்ணன் மட்டும் ஒரே கேள்வி கேட்டான்.

“அப்பா கால யாரு பாக்குறது?”

“நீதாண்ணே.”

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். தங்கை விளையாடுகிறாள் என்று நினைத்தான்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சுபாஷினியின் மனம் தளர்ந்துவிட்டது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோகும் அப்பாவைப் பார்க்கப் பொறுக்கவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தவள், காலண்டரைப் பார்த்து நின்றாள். அவள் போட்ட வட்டங்களில் நாலின் மேல் ஒரு கோடு இழுத்து, ‘ஈப்போ’ என்று எழுதியிருந்தது. பெருநாளுக்கு அண்ணன் தன் குடும்பத்தோடு ஈப்போ போகத் திட்டம் போட்டுவிட்டான். தங்கை எப்படியும் போகமாட்டாள் என்று அவ்வளவு நம்பிக்கை.

தானாக விட்டுக்கொடுக்க வந்தவளுக்கு, தன்னிடமிருந்து ஏற்கெனவே எடுத்துக்கொண்டாயிற்று என்று தெரிந்ததும் சுருக்கென்றது. போனைப் பைக்குள் போட்டாள். பழைய மைலோ டின் ஒன்றைக் கழுவித் துடைத்து, பஞ்சு, கட்டுத்துணி, உப்புநீர்ப் போத்தல், கையுறை எல்லாம் அடுக்கினாள். எதற்குப் பின் எது என்று எழுதி மூடியில் ஒட்டினாள். அண்ணனைக் கூப்பிட்டு ஒருமுறை செய்து காட்டினாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விடுவேன், இதெல்லாம் தேவையில்லை என்றான். ஈப்போ என்ற எழுத்தின் மேல் தானே ஒரு கோடு இழுத்துவிட்டு, சுபாஷினி விமானம் ஏறினாள்.

ரயில் அவளை ஏமாற்றவில்லை. கேரளத்தின் தென்னைகள் இருட்டில் ஓடி மறைந்தன. விடிந்தபோது திருப்பூர். அங்கே எதிர் இருக்கைக்கு ஜுனாலி என்றொரு பெண் வந்தாள். பனியன் கம்பெனியில் தையல் வேலை, இரண்டு வருடம் கழித்து அஸ்ஸாமுக்கு வீடு போகிறாள். உடைந்த தமிழில் தாராளமாகப் பேசினாள். சுபாஷினி அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பதைக் கவனித்து, என்ன விஷயம் என்று விசாரித்தாள். அப்பாவின் காலைப் பற்றிச் சுபாஷினி சொன்னாள்.

“இப்ப யாரு பாக்குது?”

“அண்ணன்.”

“அப்புறம் என்ன அக்கா? அண்ணனுக்குக் கை இல்ல?”

சுபாஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் தனக்கே தோன்றாத கேள்வி. அன்று முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, மிளகாய் காயப்போட்ட வயல்களையும் பெயர் படிக்கத் தெரியாத ஊர்களையும் பார்த்துக்கொண்டே போனாள். நாடு தீரவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, ஒடிசாவில் வலப்பக்கம் பெரிய ஏரி ஒன்று தொடங்கிய நேரத்தில், போன் அடித்தது. வீடியோவில் புவனேஸ்வரன். முகமெல்லாம் வியர்வை.

அன்று சீனப் பெருநாள். நேற்றுவரை அப்பாவுக்குக் கட்டு மாற்றிய கிளினிக் மூடியிருக்கிறது, மூன்று நாளைக்குத் திறக்காதாம். காலண்டரில் சிவப்பைப் பார்த்துத் தனக்கு விடுமுறை என்று சந்தோஷப்பட்ட மனிதனுக்கு, டாக்டருக்கும் அதே சிவப்புத்தான் என்று தோன்றவில்லை. தாதிகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். கட்டு நனைந்து கிடக்கிறது, பிரிக்கப் போனால் அப்பா கத்துகிறார்.

“நீ திரும்பி வந்துரு சுபா. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி ஃபிளைட் புடி லா. காசு நான் தர்றேன்.”

பின்னால் அப்பாவின் முனகல் கேட்டது. இறங்கு என்று சுபாஷினிக்கு உடம்பு சொன்னது, மூன்று வருடப் பழக்கம் அப்படி. எதிரே ஜுனாலி வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

“நான் எறங்க மாட்டேண்ணே,” என்றாள் சுபாஷினி. “டின்ன எடு. கையுறை போடு. உள்துணிய இழுக்காத, காஞ்சு புண்ணோட ஒட்டியிருக்கும். உப்புத்தண்ணிய ஊத்து. ஊத்திட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இரு. அதுவா கழண்டு வரும். அவசரப்படா...”

அத்தோடு இணைப்பு அறுந்தது. ஏரியும் மலையும்தான் மிச்சம். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள், கதவருகே போய் நின்று பார்த்தாள். சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. அடுத்த ஸ்டேஷனில் ரயில் நின்றது. இரண்டு நிமிடம். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டவில்லை. ரயில் கிளம்பியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஆனால் உட்கார்ந்தே இருந்தாள்.

அதே நேரத்தில் ஜெலுத்தோங்கில் புவனேஸ்வரன் அப்பாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து நிமிடத்தைக் கழித்துக்கொண்டிருந்தான். செய்ய ஒன்றும் இல்லாததால் பார்க்க வேண்டியதாயிற்று. வெடித்த குதிகால், கறுத்த நகம், தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கொம்தார் கோபுரத்துக்கு நடந்த கால். மெதுவாகத் துணியைத் தொட்டான். நழுவி வந்தது. அப்பா கத்தவில்லை. அவரும் ஆச்சரியமாகத் தன் காலையே பார்த்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து சுபாஷினியின் போனுக்கு ஒரு படம் வந்தது. தலையணை மாதிரி உப்பிய, கோணல்மாணலான ஒரு கட்டு. பக்கத்தில் அப்பா, கையில் மாண்டரின் ஆரஞ்சுச் சுளை. சுபாஷினி அதைப் பெட்டி முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள். தெரியாத மொழிகளில் எல்லாரும் பாராட்டினார்கள். ஜுனாலி கட்டைப் பார்த்து, தையல் மோசம், ஆனால் பரவாயில்லை என்றாள்.

நாலாம் நாள் பிரம்மபுத்திரா வந்தது. பினாங்குப் பாலத்தைத் தினமும் பார்ப்பவளுக்குப் பாலத்தின் நீளம் பெரிதாகத் தெரியவில்லை. கீழே ஓடிய தண்ணீர்தான் அவளை எழுந்து நிற்க வைத்தது. திப்ருகரில் இறங்கியபோது கால் வீங்கியிருந்தது, முடியெல்லாம் புழுதி. பிளாட்பாரத்தில் நின்று, இத்தனை பெரிய நாட்டை நான் ஒருத்தி கடந்துவிட்டேன் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அவள் வீடு திரும்பிய அன்று மீனாட்சி அத்தை முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். நோயாளி அப்பனை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போன பெண்ணைப் பற்றி வாசலிலேயே ஆரம்பித்தார். அவளுடைய கைராசி கிடைக்காமல் அண்ணன் எவ்வளவு தவித்திருப்பான் என்றார்.

அப்பாவின் கட்டில் உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த புவனேஸ்வரன் எழவில்லை. திரும்பி மட்டும் பார்த்தான்.

“ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தே. உப்புத்தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் பொறுக்கணும், அவ்ளோதான். அந்த அஞ்சு நிமிஷத்த நாங்க யாரும் குடுக்கல. அவ கை நல்ல கைன்னு சொல்லியே அவ தலையில கட்டிட்டோம். அப்பா எங்க ரெண்டு பேருக்கும் அப்பா. கல்யாணம் ஆகலைங்கிறதுக்காக ஒருத்தியோட நாளெல்லாம் நம்ம நாளாயிடாது.”

இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்றார் அப்பா மகனிடம்.

சுபாஷினி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். காலண்டரில் அடுத்த மாதம் அப்பாவின் மருத்துவமனைத் தேதியில் அண்ணன் பெயர் இருந்தது. அதற்கடுத்த மாதத்திலும் இருந்தது. சிவப்புப் பேனா நூலில் தொங்கியது. அதை எடுத்தவள், பக்கங்களைப் புரட்டி டிசம்பருக்குப் போய், நிதானமாக முதல் வட்டத்தைப் போட ஆரம்பித்தாள்.