இறாலுக்கு ஓதிய தண்ணீர்

1.

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. தம்புள்ளை போகும் பஸ்ஸில் கிடைத்தது. இந்த ஓர் உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்வதெல்லாம் புளுகு.

மாத்தளையில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண், மடியில் ஒரு பொலித்தீன் பை. அவளுடைய போன் அடித்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று முழு பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"சாகல்லயா மதினி? உடுப்பு மாத்தியிருக்கா?"

பக்கத்தில் நின்ற பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். யாரு மகள், ஆஸ்பத்திரியிலயா?"

"இல்ல மாமா. றால்."

"றாலா?"

"றால்தான்."

பலாபத்வலயில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். பஸ்ஸும் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கதை என்றால் காதுக்குத்தான் வரும். முகம் வராது, வீடு வராது, வெயிலா மழையா என்பதுகூடக் கடைசியில்தான் தெரியும். யாராவது ஒன்று சொல்ல வேண்டும், அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கிடைத்ததோ ஒரு பக்கக் குரல். மறுமுனையில் மதினி என்ன சொன்னாள்? ஓர் இறால் பிழைத்ததற்கு இவளுக்கு ஏன் இவ்வளவு நிம்மதி? சந்தையில் கிலோக் கணக்கில் கிடக்கிறது, யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

2.

முதல் தொடக்கம்: "மாத்தளையில் கடல் இல்லை." நல்ல வரிதான். ஆனால் யார், யாரிடம் சொல்கிறார்கள்? ஒருவரும் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "பலாபத்வலயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ரிஸ்வி, கடையை மகனிடம் கொடுத்த பிறகு, வீட்டில் ஒரு பவளத் தொட்டி வைக்க வேண்டுமென்று"

பாதியில் விட்டேன். இந்த ரிஸ்வி வாயைத் திறந்தால் கண்ணாடியின் தடிப்பு, பம்பின் வேகம். போதாக்குறைக்கு அவன் வாயில் எதுவும் தங்காது. வீட்டில் நடந்தது அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசலுக்குப் போய்விடும். தொட்டியை அவனிடமிருந்து பிடுங்கி அவன் மனைவி றாபியாவிடம் கொடுத்தேன். உடனே பக்கத்து வீட்டிலிருந்து ரிஸ்வியின் ராத்தா, அதாவது அக்கா, ஸக்கியா வந்து நின்றாள். றாபியாவுக்கு மதினி.

"என்னத்துக்கு புள்ள உனக்கு இது?"

"திருகோணமலைல அடில கண்ணாடி வச்ச போட்ல போனோமே மதினி, நெனவிருக்கா?"

"எனக்கு வாந்தி வந்ததுதான் நெனவிருக்கு."

"கீழ பவளமெல்லாம் தெரிஞ்சிச்சே. போட்காரன் டக்குனு திருப்பிட்டான். நான் பாத்து முடிக்கல்ல."

தொட்டி யாருடையது என்ற சந்தேகம் எனக்கு அத்தோடு தீர்ந்தது.

3.

பவளத் தொட்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கண்டியில் ஒரு மீன் கடைக்குப் போய்க் கேட்டேன். வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் கதிரை போட்டார். கறியுப்பு உதவாதாம்; அதற்கென்றே வருகிற உப்பை வடிகட்டிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கடலில் உடைத்த கல் கூடாது. செயற்கையாகச் செய்த கல், பண்ணையில் வளர்த்த பவளம்தான் வைக்க வேண்டும். தண்ணீர் தினமும் வற்றும், உப்பு வற்றாது. ஆகவே வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். செம்பு, பித்தளை எதுவும் தண்ணீரில் படவே கூடாது. மீன் தாங்கினாலும் இறாலும் பவளமும் தாங்காது.*

இதையெல்லாம் விடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. தண்ணீரை நிறைத்து, கல்லை அடுக்கி, பம்பையும் போட்டுவிட்டு, ஒரு மீனும் விடாமல் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மீனின் கழிவைத் தின்னும் கிருமிகள் கல்லில் குடியேற வேண்டுமாம். அதற்கு முன் மீனை விட்டால் அது தன் அழுக்கிலேயே செத்துப்போகும்.

(* இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை எழுதுகிறவர்கள் இப்படி முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பார்கள். இந்த வயதில் ஒளித்து வைத்தால் நானே மறந்துவிடுவேன்.)

ஸக்கியா எப்போதும் பின்கதவால்தான் வருவாள். சலாம் ஒரு பக்கம், சட்டி மூடி ஒரு பக்கம். உப்புப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு.

"மீன் எங்க?"

"இன்னும் விடல்ல மதினி."

"தண்ணி ஏன் தேத்தண்ணி நிறத்துல இருக்கு?"

"பாசி. தன்னால போயிடும்."

"ஊரெல்லாம் டெங்கு. நீ நடு வீட்டுல நுளம்புக்குக் குளம் வெட்டி வச்சிருக்கே."

"இவ்வளவு உப்புல நுளம்பு வளராது மதினி."

"நுளம்புக்கிட்ட கேட்டியா?"

அடுத்த வாரம் பீஎச்ஐ வந்தார், சுகாதாரப் பரிசோதகர். டோர்ச் அடித்துப் பார்த்தார். விரலை விட்டு நக்கியும் பார்த்தார்.

"அப்பே, லுணு! உப்புத் தண்ணிதானே, பிரச்சினை இல்ல. மீன் வந்தா சொல்லுங்க, நம்ம மகளுக்குக் காட்டணும்."

அவரால் ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் செய்தது றாபியாவின் வாய்.

"பீஎச்ஐக்குக் கோல் எடுத்தது நீங்கதானே மதினி?"

"நானா?"

"நுளம்பு நுளம்புன்னு சொன்னது வேற யாரு?"

[இந்த இடத்தில் ஸக்கியாவுக்கு நல்ல காரமாக ஒரு பதில் எழுதினேன். அவள் அதைச் சொல்ல மறுத்துவிட்டாள். சட்டியை மூடிவிட்டுப் போய்விட்டாள்.]

மழைக்கு முன்னால் அந்த ரோட்டில் எல்லா வீட்டுக்கும் பீஎச்ஐ போவார் என்பது மறுநாளே தெரிந்தது. றாபியா ஓடிப்போய்க் கேட் அருகில் நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க மதினி."

"எதுக்கு புள்ள? ஒண்ணுமில்லையே."

ஒண்ணுமில்லையே என்றவள் அதன் பிறகு பின்கதவால் வரவில்லை.

4.

தண்ணீர் தெளிந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு வந்தன. விரல் விரலாக அசைகிற ஒரு பவளம். பிறகு சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட, உடம்பைவிட நீளமான மீசை வைத்த ஓர் இறால்.

"மீன்ட வாய்க்குள்ள போய் பல்லு வெளக்குது!" என்று ரிஸ்வி பள்ளிவாசலில் ஆளாளுக்குச் சொன்னான். ஊர் வந்து பார்த்தது. றாபியா தண்ணீருக்குள் கையை வைத்தால் இறால் ஏறி வந்து அவள் நக இடுக்கைச் சுத்தம் செய்தது. கூச்சத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிறபோதெல்லாம் அவள் கண் பின்கதவுக்குப் போயிற்று.

"கறில உப்பு எப்படிங்க?"

"நல்லாத்தான் இருக்கு" என்பான் ரிஸ்வி.

அது ஒரு பதிலா?

5.

ஒரு வெள்ளிக்கிழமை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பின்கதவால்! கையில் உம்மாவின் செப்புச் செம்பு. கொறுக்காய்ப் புளி போட்டு விளக்கியது, பளபளவென்று. [முதல் வரைவில் பிளாஸ்டிக் ஜக் கொடுத்திருந்தேன். அவள் அதைத் தொடவில்லை.]

"வஅலைக்கும் ஸலாம். வாங்க மதினி, வாங்க, வாங்க."

"ஒரு வாங்க போதும். இதுதானா உன்ட கடல்?" ஸக்கியா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "யா அல்லாஹ்... இந்த மீசைக்காரக் கெழவன் யாரு?"

"றால்."

"வர்றவன் போறவன் கண்ணெல்லாம் இதுலதான் விழுது. ராவு இந்தச் செம்புல வச்சு ஓதின தண்ணி. ஊத்தவா?"

'வேணாம் மதினி' என்று இரண்டு சொல் எழுதினால் போதும். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். றாபியாவுக்குச் செம்பைப் பற்றித் தெரியும். அவள் இறால் வாங்கியபோது கடையில் முதலில் சொன்னதே அதுதான். ஆனால் இந்த வாய் முன்பு ஒரு முறை திறந்து, அந்தக் கதவு மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

"ஊத்துங்க" என்றாள்.

ஸக்கியா ஊற்றினாள். நேராகக் குசினிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்தாள்.

"உப்பு பத்தாது."

6.

மறுநாள் காலையில் இறால் மணலில் சரிந்து கிடந்தது.

"ராத்தாட தண்ணிதான்!" என்றான் ரிஸ்வி. "செம்பு!"

"சத்தம் போடாதீங்க. மதினிக்குத் தெரியவே கூடாது."

"எடுத்து வீசவா?"

"ஒண்ணையும் தொடாதீங்க. நான் கண்டிக்குப் போய் தண்ணிலேர்ந்து செம்பை இழுக்கிற மருந்து வாங்கிட்டு வாறேன். பவளமாவது பிழைக்கட்டும். நீங்க அதுவரைக்கும் வாயத் தெறக்காம இருந்தாப் போதும்."

போகிற வழியெல்லாம் அவள் நினைப்பு பவளத்தில் இல்லை. மதினி இப்போது பின்கதவால் வந்திருப்பாள். ரிஸ்வி வாயைத் திறந்திருப்பான். 'என்ட தண்ணியா கொன்னுச்சு?' என்று கேட்டுவிட்டு மதினி போயிருப்பாள். இந்தத் தடவை ஒண்ணுமில்லையே என்றுகூடச் சொல்லமாட்டாள்.

இப்போது மருந்துப் பை மடியில். நானும் பின்சீட்டில் ஏறிவிட்டேன். போன் அடிக்கிறது. அன்றைக்குக் கேட்காத குரல் இன்றைக்கு எனக்குக் கேட்கிறது.

"புள்ள, எங்க இருக்க?"

"பஸ்ல. என்ன மதினி?"

"றால் செத்துட்டுன்னு இவன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கான். சரி, செத்தது மணல்ல கெடக்கு. அப்ப கல்லுக்குப் பின்னால மீசைய ஆட்டிக்கிட்டு நிக்கிறது யாரு?"

"என்ன சொல்றீங்க?"

"கெடக்கிறதுக்குள்ள சதையே இல்ல புள்ள. வெறும் கூடு, கண்ணாடி மாதிரி. கழட்டிப் போட்டுட்டு உள்ள ஒளிஞ்சிருக்கு, வெக்கத்துல."

"சாகல்லயா மதினி? உடுப்பு மாத்தியிருக்கா?"

அன்று வராத சிரிப்பு இப்போது எழுதுகிற மேசை முன் உட்கார்ந்தபடி எனக்கு வந்தது. இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போடுமாம்; புதியது இறுகும்வரை ஒளிந்திருக்குமாம். மீன் கடைக்காரரிடம் செம்பைப் பற்றியும் கேட்டேன். அவ்வளவு பெரிய தொட்டியில் ஒரு தடவை ஊற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, வாராவாரம் ஊற்றினால்தான் ஆபத்து என்றார்.

வாராவாரம். அடுத்த வெள்ளிக்கிழமை வரத்தானே போகிறது.

7.

ஒரு முடிவு: ஸக்கியா செம்போடு வருகிறாள். றாபியா உண்மையைச் சொல்கிறாள். எழுதி முடித்தேன். ஸக்கியா "ஒண்ணுமில்லையே" என்றாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் தாளைக் கசக்கிவிட்டேன்.

இன்னொன்று: றாபியா செம்பை வாங்கி மடமடவென்று தானே குடித்துவிடுகிறாள். "தீனி போடுற கை என்டதுதானே மதினி, எனக்குப் பலிச்சா அதுகளுக்கும் பலிக்கும்." இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆயுள் முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் குடிக்க வேண்டிவருமே, பாவம்.

மூன்றாவதை நான் எழுதவில்லை. ஸக்கியா தானாக வந்தாள், பின்கதவால். கையில் செம்பு இல்லை. கழுவித் துடைத்த ஜாம் போத்தல் ஒன்று, வெறுமையாக.

"ரிஸ்வி எல்லாத்தையும் சொல்லிட்டான்."

[வாய் தங்காதவன் என்று நான் ஒதுக்கி வைத்த ஆள்.]

"மதினி, நான்..."

"நீ வடிகட்டி வச்சிருக்கியே, வத்தினா ஊத்துற தண்ணி, அத இதுல தா. நான் ஓதித் தாறேன். செம்பு வேணாம்."

றாபியா போத்தலை நிறைத்தாள். கொஞ்சம் நிலத்திலும் சிந்தியது. நீட்டினாள். ஸக்கியா உடனே வாங்கவில்லை.

"ஊத்தவான்னு நான் கேட்டுட்டுத்தானே ஊத்தினேன். றாலுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும், நீ ஏன் புள்ள ஊத்துங்கன்னு சொன்ன?"

"[                                        ]"

அடைப்புக்குறிக்குள் பல பதில்களை வைத்துப் பார்த்தேன். எல்லாம் என் குரலாகவே இருக்கின்றன. எனக்கு ஒரு பயமும் இல்லை. சட்டி மூடி திறந்த சத்தம் அந்த வெள்ளிக்கிழமையே கேட்டாயிற்று. எந்தப் பதிலைச் சொன்னாலும் ஸக்கியா உப்புப் பார்க்காமல் போகப்போவதில்லை. ஆனாலும் அவள் கேட்டுவிட்டாள், போத்தல் நடுவில் நிற்கிறது, யாராவது பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்லாதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். காதில் விழுந்தால்தான் எனக்கு எழுத வரும்.